அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைத்த ஊர்க்கதைகள்: நம் மலையிலும் அதுபோலச் செய்ய முடியுமா?

கேள்வி: கீழ்மலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பழனி மலையின் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளிக்கு மேலே, காப்பித் தோட்டம் முடியும் இடத்தில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதன்மேல் பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் ஏற்றிய கல்திட்டைகள் சில உள்ளன. ஊரார் அவற்றைக் குள்ளர் வீடு என்கிறார்கள். முழங்கால் உயரமே இருந்த ஒரு கூட்டத்தார் இந்த மலையில் வாழ்ந்தார்கள் என்றும், தீமழை பெய்யப்போவதை முன்கூட்டியே அறிந்து கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள் என்றும், மழை ஓய்ந்த பிறகும் அவர்கள் வெளியே வரவே இல்லை என்றும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். அடுத்த ஊரில் கேட்டால், வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய வீடு அது என்பார்கள்.

சென்ற மாசியில், இந்தக் கதையை முழுமையாகச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் காலமானார். அவர் சொல்லும்போது அங்குள்ள ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் இருக்கும். எந்தக் கல்லருகே விளக்கு வைக்க வேண்டும், எதை மிதிக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்வார். எட்டு ஆண்டுகள் அவருடைய வீட்டுத் திண்ணையைக் கடந்துதான் பள்ளிக்குச் சென்றேன். ஒருநாள்கூடத் தாளும் பேனாவுமாக அவர் முன்னால் உட்காரவில்லை. இப்போது எனக்கு நினைவிருப்பவை மூன்று கற்களின் பெயர்கள் மட்டுமே.

அயர்லாந்தில் 1937-இல் தொடங்கி 1939 வரை, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே நாடு முழுவதும் ஊர்க்கதைகளைத் திரட்டினார்கள் என்று அண்மையில் அறிந்தேன். அதை எப்படிச் செய்தார்கள், எத்தகைய கதைகள் கிடைத்தன, பிள்ளைகளைப் பேச்சு வழக்கிலேயே எழுத விட்டார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைப் பற்றி அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நாட்டார் வழக்காறு படித்தவள், கொடைக்கானல்

ஐயா, வணக்கம். அந்த முதியவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிக்கொள்ளத் தவறிய என் அப்பத்தாவின் கதைகள் நினைவுக்கு வந்தன. எனக்குத் தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அயர்லாந்து அரசு 1935-இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. ஷேமஸ் டெலார்ஜி என்பவர் அதன் இயக்குநராக இருந்தார். ஐரிஷ் மொழி பேசுவோர் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவந்த காலம் அது. ஒரு கிழவர் இறந்தால் அவரோடு நூறு கதைகளும் புதைந்துபோகும் என்ற பதற்றம் அவர்களுக்கு இருந்தது. ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற மெழுகு உருளைப் பதிவுக் கருவியை ஊர் ஊராகச் சுமந்துசென்று கதைகளைப் பதிந்தார்கள். பதிந்ததைச் சொல்லுக்குச் சொல் எழுதி முடித்ததும், உருளையைச் சீவி மீண்டும் பயன்படுத்தும் அளவுக்கு அவர்களிடம் பணம் குறைவாக இருந்தது. அதனால் பல கதைசொல்லிகளின் குரல் அழிந்தது. அவர்கள் சொன்ன சொல் மட்டும் தாளில் நின்றது.

ஒரு சில சேகரிப்பாளர்களால் நாடு முழுவதையும் எட்ட முடியாது என்பதால்தான் பள்ளிகளை நாடினார்கள். ஆணையத்தின் ஆவணக் காப்பாளரான ஷான் ஓ சூலிவான், எவற்றையெல்லாம் கேட்கலாம் என்று ஐம்பத்தைந்து தலைப்புகளில் ஒரு கையேடு எழுதி ஆசிரியர்களுக்கு அனுப்பினார். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள், கட்டுரை எழுதும் பாடவேளைக்கு ஈடாக, வாரம் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டுத் தங்கள் நோட்டில் எழுதினார்கள். அவற்றுள் நல்லவை, பள்ளிக்கென்று கொடுக்கப்பட்ட பெரிய குறிப்பேட்டில் படியெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 பள்ளிகளிலிருந்து 50,000 பிள்ளைகள் எழுதியவை இன்று 7,40,000 பக்கங்களாக டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. அவற்றை இணையத்திலும் படங்களாகப் பார்க்கலாம். அந்த ஆணையத்தின் தொகுப்பை 2017-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தக் கையேடு கதைகளை மட்டும் கேட்கவில்லை என்பதை. ஊரிலுள்ள புனிதக் கிணறு, கைவைத்தியம், மழைக்குறி, புதையல் இருப்பதாகச் சொல்லப்படும் இடம், கொல்லன் பட்டறை, வெண்ணெய் கடையும் முறை, பிள்ளைகளின் விளையாட்டு, பஞ்ச காலம், வயல்களின் பெயர் என்று எல்லாவற்றையும் கேட்டது. “உனக்கு ஒரு பழங்கதை தெரியுமா?” என்று நேரடியாகக் கேட்டால் முதியவர்கள் பெரும்பாலும் “எனக்கு என்ன தெரியும்?” என்றுதான் சொல்வார்கள். “இந்த வயலுக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்டால் கதை தானாக வந்துவிடும். கள ஆய்வில் நான் பட்டு அறிந்த பாடம் இது.

அங்குள்ள கதைகளில் உங்கள் குள்ளர் வீட்டுக்கு மிக அருகில் வருபவை வட்டமேடுகளைப் பற்றியவை. ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரையான காலத்தில், அயர்லாந்தின் உழவர்கள் வீட்டையும் கால்நடையையும் காக்க வட்டமாக மண்கரை எழுப்பி அகழி வெட்டினார்கள். அவற்றுள் 40,000-க்கும் மேற்பட்டவற்றின் தடயங்கள் இன்றும் உள்ளன. கட்டியவர்கள் மறக்கப்பட்ட பிறகு, அம்மேடுகளில் வாழ்பவர்கள் மண்ணுக்கடியில் குடிகொண்ட வேறொரு இனத்தார் என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். நாம் படக்கதைகளில் பார்க்கும் சிறகுள்ள குட்டித் தேவதைகள் அவர்கள் அல்லர். நம்மைப் போலவே மாடு மேய்த்து, திருமணம் செய்து, சண்டையிட்டு வாழ்பவர்கள். மதித்தால் மதிப்பார்கள், அவர்களுடைய மேட்டில் மரம் வெட்டினால் வெட்டியவன் கை முடங்கும், மாடு சாகும். அவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் “நல்ல மக்கள்” என்றே கிராமத்தார் குறிப்பிட்டார்கள். நாகத்தை நல்ல பாம்பு என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் காட்டுவழியில் யானையைப் பெரியவர் என்பதும் இதே மரியாதையும் அச்சமும் கலந்த வழக்கம்தான்.

அந்த அச்சம் ஒரு காவலாகவும் இருந்தது. ஏர் உழும்போது மேட்டைச் சுற்றிக்கொண்டு உழுதார்கள்; அதனாலேயே பல மேடுகள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அழியாமல் நின்றன. 1999-இல் கிளேர் மாவட்டத்தின் லேட்டூன் என்னும் இடத்தில் நெடுஞ்சாலை வருவதற்காக ஒரு தனி முள்மரம் வெட்டப்பட இருந்தது. கெர்ரி நாட்டு நல்ல மக்கள் கானாக்ட் நாட்டாரோடு போருக்குச் செல்லும்போது ஒன்றுகூடும் இடம் அந்த மரம் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி எடுத்துச் சொன்னார். இறுதியில் சாலை அமைத்தவர்கள் மரத்தை விட்டுவைத்தார்கள். 2002-இல் யாரோ அதன் கிளைகளை அறுத்துவிட்டார்கள். ஆயினும் அது மீண்டும் தளிர்த்தது.

கல்திட்டைக் கதைகளும் அங்கே உண்டு. ஃபின் மக்கூல் என்ற வீரருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கிராண்யா, தியர்மிட் என்ற இளைஞனோடு ஓடிப்போகிறாள். துரத்தி வருபவர்களுக்கு அஞ்சி, இருவரும் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடத்தில் படுத்துறங்குகிறார்கள். நாடெங்கும் உள்ள பல கல்திட்டைகளுக்கு “தியர்மிட் கிராண்யா படுக்கை” என்றே பெயர். உங்கள் அடுத்த ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்று சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள்: நாடிழந்து அலைந்தவர்கள் தங்கிய இடம் என்ற எண்ணம், ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளிலும் ஒரேவகைக் கற்களின் மேல் வந்து அமர்ந்திருக்கிறது. அகழ்ந்து பார்த்தால் அவை ஈமக் கற்கள். கிளேர் மாவட்டத்துப் பூல்நபுரோன் கல்திட்டையில் குறைந்தது 33 பேரின் எலும்புகள் கிடைத்தன, அவை கி.மு. 3800-க்கும் 3200-க்கும் இடைப்பட்டவை. நம் பழனி மலைக் கல்திட்டைகளை ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு இயேசு சபைக் குருமார்கள் ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. கற்களின் நீள அகலம் அதில் கிடைக்கும். உங்கள் முதியவர் சொன்ன பெயர்களை இனி உங்கள் ஊரார்தான் தர வேண்டும்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் சொல்பவரின் வட்டார வழக்கை அப்படியே எழுதினார்கள். பள்ளித் தொகுப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. ஐரிஷ் பேசும் பகுதிகளிலிருந்து வந்தவை ஐரிஷில் உள்ளன. பள்ளி நோட்டுகளில் சில இடங்களில் பிள்ளைகள் பாடநூல் நடைக்குத் தாவியிருப்பது படிக்கும்போதே தெரியும். அந்த இடங்களில் கிழவரின் குரல் தேய்ந்துபோயிருக்கிறது. ஆகவே, எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆசிரியருக்கு அது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன்.

மறுமொழி: உருளைக்கிழங்கு விவசாயி, உதகை

அம்மா அவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். விவசாயி என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உருளைக்கிழங்கு பயிரிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நான்கு நாள் மூடுபனியும் தூறலும் விடாமல் நின்றால் பின்கருகல் நோய் இறங்கிவிடும். மாலையில் பச்சையாகப் பார்த்த வயலை, சில நாட்களில் கறுத்துத் துவண்ட நிலையில் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதையும், அப்போது எழும் அழுகல் வாடையையும் பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 1845-இல் அயர்லாந்தில் இறங்கியது இதே நோய்தான். எங்களுக்கு மருந்து தெளிக்க வழி இருக்கிறது, முத்தொரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கேரட்டும் முட்டைக்கோசும் இருக்கின்றன. அந்த மக்களில் ஏழைகளுக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு உணவே இல்லை. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். நாட்டில் விளைந்த தானியம் அந்த ஆண்டுகளிலும் வெளியே ஏற்றுமதியானது.

அதற்குப் பிறகு பிறந்த கதை ஒன்று உண்டு. பஞ்சத்தில் ஒருவர் பசியால் விழுந்து இறந்த இடத்தில் முளைக்கும் புல்லுக்குப் பசிப்புல் என்று பெயர். பார்வைக்கு மற்ற புல்லைப் போலவே இருக்கும். அறியாமல் அதை மிதித்தவருக்கு அந்த நொடியே தாங்க முடியாத பசி எடுத்துக் கால் மடங்கிவிடும். ஒரு வாய் உணவு கிடைக்காவிட்டால் எழவே முடியாது. அதனால் மலைப்பாதையில் செல்பவர்கள் சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள். நோய் வந்த ஆண்டில் கிழங்கைக் கிண்டிப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட என் தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றவில்லை. ஆசிரியர் ஐயா, உங்கள் பிள்ளைகளிடம் பஞ்ச காலக் கதைகளையும் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், எந்தக் கீரை உயிர் காத்தது என்பதையெல்லாம் மலையில் இன்னும் சிலர் சொல்வார்கள்.

மறுமொழி: படுகர் இனத்து வாசகர், கோத்தகிரி

இந்த முயற்சியை முழுமனத்தோடு வரவேற்கிறேன். அதே வேளையில் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, யாருடைய கதையை யார் எழுதுவது என்பது. அயர்லாந்துப் பிள்ளைகள் எழுதிய அதே 1930-களின் பிற்பகுதியில்தான் எமனோ என்ற மொழியியலாளர் நீலகிரியில் தங்கிக் கோத்தர் என்ற பழங்குடியினரின் கதைகளை, பெரும்பாலும் ஒருவர் சொல்லச் சொல்ல, மிகுந்த உழைப்போடு எழுதினார். அவருக்கு முன்பே ரிவர்ஸ் என்ற மானுடவியலாளர் நீலகிரியின் தோடர் பழங்குடியினரைப் பற்றி எழுதிய பெருநூல் 1906-இல் வந்தது. அவர்கள் இல்லாவிட்டால் பலவும் நம் கைக்கு வந்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அந்த ஏடுகள் கடல் கடந்து அச்சாகின. தோடர் குடியிருப்பான எந்த மந்திலும், கோத்தர் ஊரான எந்தக் கோக்காலிலும் ஒரு பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்துக்காட்ட முடிந்ததில்லை. அயர்லாந்தில் எழுதியவர்கள் அந்த ஊரின் பிள்ளைகளே என்பதும், எந்த மாவட்டம், எந்தப் பள்ளி என்று தாள்கள் ஊர்வாரியாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும்தான் என்னைக் கவர்ந்தவை. ஒருவர் இன்று தன் ஊர்ப் பெயரைத் தேடித் தன் பாட்டனார் சிறுவனாக இருந்தபோது எழுதிய பக்கத்தை அதே கையெழுத்தில் படிக்க முடிகிறது. கீழ்மலையில் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புப் பிள்ளைகளும் உங்கள் பள்ளிக்கு வரக்கூடும். குள்ளர் வீட்டைப் பற்றி அவர்களுடைய பெரியவர்கள் சொல்வது வேறாக இருக்கலாம். அதை அவர்கள் பிள்ளைகளே எழுதட்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள். படுகர்களான நாங்கள் வணங்கும் ஹெத்தையம்மனின் வரலாற்றையே ஊருக்கு ஊர் வேறுவிதமாகச் சொல்கிறோம். எது சரி என்று வெளியிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொல்லும்போது மனம் வருந்துகிறது.

இரண்டாவது, எல்லாக் கதையும் இனிப்பானதன்று. 1895-இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இருபத்தாறு வயதுப் பெண் நோயுற்றார். தன் மனைவியை மேட்டு மக்கள் கொண்டுபோய்விட்டார்கள், படுக்கையில் இருப்பது அவர்கள் விட்டுச்சென்ற மாற்றுருவம் என்று கணவர் நம்பினார். உறவினர் கண்ணெதிரில் பிரிட்ஜெட் எரிக்கப்பட்டார். அதன் பிறகும், வெள்ளைக் குதிரையில் உண்மையான மனைவி வருவாள் என்று கணவர் இரவில் மேட்டருகே காத்திருந்தார். நீதிமன்றம் அவருக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பதினைந்து ஆண்டுகள் சிறையிலிருந்தார். பேய் பிடித்தது என்று பெண்களை அடித்த கதைகள் நம் பக்கத்திலும் உண்டு. பிள்ளைகள் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால் கிழித்துவிடாதீர்கள். ஆனால் அவர்களோடு அமர்ந்து, அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் இருந்திருக்கும் என்று பேசுங்கள்.

மீண்டும் கீழ்மலை ஆசிரியர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பளியர் குடியிருப்பிலிருந்து நான்கு பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் முதலில் பேசிவிட்டுத்தான் தொடங்குவேன். முதல் வாரத்துக்கு “எங்கள் வயல், தோட்டம், பாறைகளின் பெயர்கள்” என்ற தலைப்பையே கொடுக்க முடிவு செய்துள்ளேன்.

ஒரு சிக்கல் எழுந்திருக்கிறது. காலமான முதியவரின் தங்கைக்கும் அந்தக் கதை தெரியும் என்று சொன்னார்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகளோடு சென்று கேட்டபோது, பகலில் கதை சொல்லக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரை வற்புறுத்த மனம் வரவில்லை.

மறுமொழி: நாட்டார் வழக்காறு படித்தவள், கொடைக்கானல்

வற்புறுத்தாததே நன்று, ஐயா. அயர்லாந்திலும் ஃபின் மக்கூல் கதைகளைப் பகலில் சொல்வது ஆகாது என்ற நம்பிக்கை இருந்தது. அறுவடை முடிந்து, அக்டோபர் 31 இரவில் வரும் சௌவின் பண்டிகையில் தொடங்கி வசந்தம் வரையுள்ள நீண்ட இரவுகளில்தான், கணப்பைச் சுற்றி அமர்ந்து கதை கேட்டார்கள். என் அப்பத்தாவும் பகலில் வாய் திறக்க மாட்டார். அந்தப் பாட்டியின் வீட்டுக்கே செல்லுங்கள். பிள்ளைகளின் வீட்டில் சொல்லிவிட்டு, கூட ஒரு தாயையும் அழைத்துச் செல்லுங்கள். கார்த்திகையிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் எல்லாரும் களைத்துப்போய் முன்னிரவிலேயே உறங்கிவிடுவார்கள். ஆகவே அதற்கு முன்பே போவது நல்லது. ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குறிப்பேட்டில் அவர் பெயரையும் வயதையும், அந்தக் கதை அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் அவர் சம்மதத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

மீண்டும் கீழ்மலை ஆசிரியர்

வரும் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளும், அவர்களுள் ஒருத்தியின் தாயாரும் உடன் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த அந்த மூன்று கற்களின் பெயர்களை நான் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை. அவர் வாயிலிருந்து எந்தப் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ, அதையே பிள்ளைகள் எழுதட்டும்.